பரிந்துரைக் கடிதத்தில் எழுதிய ஒரு குறை

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வகுப்பெடுப்பது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதை மாணவிகளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள், கொட்டாவி விட்டும் கண்ணைச் சுருக்கியும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த வருடத்துக்குள்ளாகவே ஒரு நாள் இறுதியாண்டுப் பெண் ஒருத்தி விண்ணப்பப் படிவத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உங்கள் மேசை முன்னால் வந்து நிற்பாள். "மேடம், ஒரு லெட்டர் வேணும்" என்பாள். அவள் கேட்கும் இடத்தில் சேர்த்துக்கொள்வது ஏழெட்டுப் பேரை. விண்ணப்பிப்பவர்களோ நாடு முழுக்க இருக்கிறார்கள். அவள் முகத்தையே பார்த்திராத சிலர், நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதக் கற்றுக்கொள்வதற்குள் நான் இரண்டு தவறுகள் செய்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் பெண்களுக்கான ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவேன். கல்லூரியே அப்போதுதான் தொடங்கியிருந்தது. சில அறைகளில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. துறையில் நாங்கள் மூன்றே பேர். துறைத் தலைவராக இருந்தவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கைத்தறிச் சேலை, பெரிய கறுப்புக் குடை. பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் தலைவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் இறுதியாண்டு வகுப்பு முடியும் சமயத்தில், மூன்று மாணவிகள் சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பித்தார்கள். மூவரும் என்னிடம்தான் கடிதம் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை நான் கடிதம் கேட்டு அலைந்தவள். இன்று என்னிடம் கேட்கிறார்கள். நல்ல ஆங்கிலத்தில், நல்ல தாளில், "அபாரமான அறிவுக்கூர்மை, அயராத உழைப்பு, அப்பழுக்கற்ற ஒழுக்கம்" என்று ஒரு கடிதம் எழுதினேன். அதையே பெயரை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு முறை எழுதினேன். மூன்று பேருக்கும் நல்லது செய்துவிட்ட நிறைவோடு தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னைப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். "தங்கள் துறையைச் சேர்ந்தவர் மூன்று மாணவிகளை ஒரே சொற்களால் புகழ்ந்திருக்கிறார். அந்தச் சொற்கள் மூவரில் யாருக்கு உரியவை என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." அவ்வளவுதான் கடிதம்.

தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "ஏம்மா, இந்த மூணு பேர்ல ஒவ்வொருத்தரைப் பத்தியும் நீங்க கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். ஒரு வரைகணிதக் கணக்கைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டவள் அவள். மற்ற இருவரைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. எந்த வரிசையில் உட்காருவார்கள் என்பது தெரியும். என்ன மதிப்பெண் என்பது தெரியும். அந்த இரண்டையும் தவிர மூன்று வருடத்தில் நான் எதையும் பார்த்திருக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது.

"இனிமே பாருங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க. குறை இருந்தா அதையும் எழுதுங்க. குறையே இல்லாத பிள்ளைன்னு எழுதினா, இவங்க அந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லைன்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க" என்றார் தலைவர்.

அந்த வருடம் மூவரில் ஒருத்திக்கும் இடம் கிடைக்கவில்லை. அதற்கு என் கடிதம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வரைகணிதக் கணக்கு போட்ட அந்தப் பெண் பிறகு படிக்கவேயில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். வகுப்பில் யார் என்ன கேட்டாள், யார் எங்கே தடுக்கினாள், எப்படி எழுந்தாள் என்று இரண்டு வரி எழுதிவைப்பேன். அந்த நோட்டில் அதிகமாக இடம்பிடித்த பெயர் சண்முகத்தாய்.

சண்முகத்தாய் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் கிராமத்திலிருந்து வந்தவள். அப்பா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மானாவாரிக் காட்டில் கூலிக்கு உழைத்தது. அம்மா தீப்பெட்டி ஒட்டினார். அண்ணன் மாரியப்பன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். பள்ளிப் படிப்பில் உதவித்தொகை வாங்கி வந்த பெண். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள்.

அவள் கெட்டிக்காரி என்று முதல் வருடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கேள்வி கேட்டால் மற்ற பெண்கள் கை தூக்குவார்கள். இவள் பேசாமல் இருப்பாள். மறுநாள் காலையில், எல்லோரும் அந்தக் கணக்கை மறந்துவிட்ட பிறகு, வராந்தாவில் என்னை மறித்து, "மேடம், நேத்து நீங்க சொன்னதுல அந்த மூணாவது வரி ஏன் உண்மையா இருக்கணும்?" என்பாள். சில சமயம் அந்த மூன்றாவது வரி உண்மையாகவே இருக்காது. புத்தகத்தில் இருக்கிறதே என்று நான் எழுதிப்போட்டிருப்பேன்.

இறுதியாண்டில் தலைவர் அவளுக்கு ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். கணிதத்தில் பட்டம் பெற்றவர்களை நேர்முகத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஆராய்ச்சிக்குத் தயார்செய்யும். விண்ணப்பிப்பவர் முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கான காரணத்தை ஆசிரியர் விளக்கி எழுத வேண்டும் என்று ஒரு விதி. இவளுக்கு முதல் வகுப்பு உறுதி என்று நாங்கள் அந்த விதியைக் கவனிக்கவே இல்லை.

முடிவுகள் வந்தன. நாலு தாளில் முதல் வகுப்புக்கும் மேலே. பகுப்பியல் தாளில், அவளுக்கு மிகவும் பிடித்த பாடத்தில், தேறியதே பெரிது என்கிற அளவுக்கு மதிப்பெண். மொத்தத்தில் இரண்டாம் வகுப்பு. விண்ணப்பம் பம்பாய் போய்ச் சேர ஒரு வாரம்தான் இருந்தது.

செய்தி கேட்டுக் கல்லூரி முதல்வரே எங்கள் அறைக்கு வந்தார். அவர் வரலாற்றுப் பேராசிரியை. எல்லா மாணவிகள் மீதும் உண்மையான அக்கறை உள்ளவர். தலைவர் அன்று ஊரில் இல்லை. "பரீட்சை சமயத்துல பிள்ளைக்குக் காய்ச்சல்னு எழுதிருங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டர் சர்ட்டிபிகேட் நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நல்ல பெண், ஒரே ஒரு தாள், ஏதோ நடந்திருக்கிறது, அது காய்ச்சலாக இருந்தால் என்ன? உட்கார்ந்து எழுதினேன். கடும் காய்ச்சலோடு தேர்வு எழுதினாள் என்று உருக்கமாகவே எழுதினேன். இது என் இரண்டாவது தவறு.

மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட வந்த சண்முகத்தாயிடம் கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வரலையே மேடம்."

"தெரியும்மா. மார்க்குக்கு ஒரு காரணம் சொல்லணும்ல?"

"காரணம் இருக்கு. ஆனா அது…" என்று நிறுத்திவிட்டாள். பிறகு பைக்குள்ளிருந்து நாலாக மடித்த வினாத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். "இந்த அஞ்சாவது கேள்வி தப்பு மேடம்."

கேள்வியைப் படித்தேன். ஒரு முடிவிலாத் தொடர் ஒருங்கினால், அதாவது கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கிக்கொண்டே போனால், அதன் உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அப்படியே ஒருங்கும் என்று நிறுவச் சொன்னது கேள்வி. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் கணக்குதானே என்றேன்.

"புத்தகத்துல 'நேர் உறுப்புகள்'னு இருக்கும் மேடம். இதுல இல்ல. குறை எண்ணும் வரலாம்னா கதை வேற."

பென்சிலை எடுத்து எழுதிக் காட்டினாள். ஒன்று, அதன் பிறகு கழித்தல் ஒன்றின் கீழ் ரூட் இரண்டு, கூட்டல் ஒன்றின் கீழ் ரூட் மூன்று என்று கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடர். அது ஒருங்கும். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கினால் கழித்தல் குறியெல்லாம் போய்விடும். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று எல்லை இல்லாமல் வளர்ந்துகொண்டே போகும். மூன்றே வரி. கேள்வி சொன்னது பொய்.

"இதை அங்க எழுதினியா?"

"எழுதினேன் மேடம். ஆனா யூனிவர்சிட்டி கேள்வி எப்படித் தப்பா இருக்கும்னு முதல்ல ஒரு மணி நேரம் நிறுவித்தான் பார்த்தேன். வரல. பிறகுதான் இது தோணுச்சு. அதுக்குள்ள நேரம் போயிருச்சு. கடைசி ரெண்டு கேள்வியைத் தொடவே இல்ல."

"மத்தவங்க எல்லாம்?"

"நேர் உறுப்புன்னு நெனச்சுக்கிட்டு எழுதிட்டாங்க."

"நீயும் அப்படி நெனச்சிருக்கலாம்ல?"

"கேள்வியில அப்படி இல்லையே மேடம்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யூனிவர்சிட்டி தப்புன்னு நான் போய் எப்படிச் சொல்ல?" என்று தலை குனிந்துகொண்டாள்.

நான் அந்தக் காய்ச்சல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வெட்கமாகவும் இருந்தது, உடம்பெல்லாம் ஒரு துள்ளலாகவும் இருந்தது. இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. அதைத்தான் நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு காய்ச்சலுக்குள் மூடி மறைக்கப் பார்த்திருந்தேன்.

படிவத்தில் தகப்பனார் கையெழுத்தும் வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் சிவகாசி போய், அங்கிருந்து விஸ்வநத்தத்துக்கு அவளோடு நடந்தேன். ஒற்றை அறை வீடு. முற்றத்தில் தீப்பெட்டிக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அம்மா, "வாங்க டீச்சர், உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டபடியே கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார்.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்குகளில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் போகவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"பம்பாயில என்ன வேலைக்கு டீச்சர்?"

"வேலைக்கு இல்லைங்கய்யா. மேல கணக்குப் படிக்க."

"கணக்குத்தான் படிச்சு முடிச்சிட்டாள்ல? இன்னும் மிச்சம் கெடக்கா?"

"நெறைய கெடக்குப்பா" என்றாள் சண்முகத்தாய் மெதுவாக.

"எம்புட்டு?"

"இன்னும் யாருமே கண்டுபிடிக்காதது அம்புட்டு கெடக்கு. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுக்கிற எடம்ப்பா அது."

அவர் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அண்ணன் மாரியப்பன் வெளியிலிருந்து வந்தார். விஷயம் கேட்டதும், "எங்க, அந்தக் கேள்வித்தாளைக் காட்டு தாயி" என்று வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கில லேபிள்களை எழுத்து எழுத்தாகக் கோத்துப் பழகியவர். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இந்த வரியில ரெண்டு மூணு வார்த்தை விழுந்திருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிச் சொல்றீங்க?"

"இங்கன பாருங்க. மத்த வரியெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை நெருக்கமா இருக்கு. இந்த ஒரு வரியில மட்டும் எடவெளி அகலமா இருக்கு. ஈய எழுத்தை எடுத்து வைக்கும்போது வார்த்தை உதிர்ந்திருக்கும். வரி நீளம் குறையக் கூடாதுல்ல? அதான் அவசரத்துல நடுவுல வெத்துக் கட்டையாச் சொருகி நெரவி விட்டுருக்காக. நாங்களும் செஞ்சிருக்கோம்."

நானும் பார்த்தேன். கண்ணுக்கு நேராக இருந்தது. அந்த வரி மட்டும் பல் போன வாய்போல இருந்தது. கணிதம் படித்த நான் அந்தத் தாளைப் பத்து முறை பார்த்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

"அப்ப எம்மக தப்புப் பண்ணலையா?" என்றார் அப்பா.

"இல்லைங்கய்யா. அவ ஒருத்திதான் தப்பு இல்லாம எழுதியிருக்கா."

அவர் பேனாவை வாங்கிப் படிவத்தில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை தலைவர் வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சல் கடிதத்தையும் மறைக்கவில்லை. அவர் வினாத்தாளை வாங்கினார். சண்முகத்தாயின் மூன்று வரிகளைத் தானே ஒரு முறை எழுதிப் பார்த்தார். "கடிதத்தை எழுதுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார்.

எழுதினேன். வினாத்தாளில் என்ன இருந்தது, அவள் என்ன எழுதினாள், அதற்கு எத்தனை நேரம் போனது என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் நோட்டிலிருந்து, வராந்தாவில் அவள் கேட்ட இரண்டு கேள்விகளையும் எழுதினேன். முடித்தபோது தலைவர் கேட்டார், "குறை எங்கே?"

"இவளுக்கு என்ன மேடம் குறை?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷமா என்ன பார்த்தீங்க?"

யோசித்தேன். எழுத மனமே வரவில்லை. இருந்தும் எழுதினேன். "இவள் மிகவும் மெதுவாக யோசிப்பவள். உடனே பதில் கேட்டால் பெரும்பாலும் பேசாமல் நிற்பாள். ஒரு கேள்வி முடியும்வரை அதைவிட்டு நகரத் தெரியாதவள். தேர்வுகளில் இது அவளுக்குக் கெடுதலாகவே முடிந்திருக்கிறது."

ஏழெட்டு இடத்துக்கு இந்தியா முழுக்கப் போட்டி போடும்போது, நம் பெண்ணை மெதுவானவள் என்று நாமே எழுதிக்கொடுக்கிறோமே என்று எனக்குக் கை கூசியது. தலைவர் படித்துவிட்டு, "இப்ப இது அந்தப் பிள்ளை" என்றார்.

முதல்வர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது. கடிதத்தைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பல்கலைக்கழகக் கேள்வி தப்புன்னு நம்ம கல்லூரித் தாள்ல எழுதுறதா? நமக்கு இன்னும் நிரந்தர அங்கீகாரமே வரலை. நாளைக்குப் பல்கலைக்கழக ஆய்வுக் கமிஷன் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் தலைவர்.

"இருநூறு பிள்ளைங்க படிக்கிற கல்லூரிம்மா இது. ஒரு பிள்ளைக்காக எல்லாரையும் பணயம் வைக்க முடியுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கு உங்களில் யாராவது முதல்வராக உட்கார்ந்தால் நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். தலைவர் கணக்கை விளக்கப் போனார். முதல்வர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குக் கணக்குப் புரியாது. நீங்க சொல்றது சரின்னு நான் எதை வெச்சு நம்பறது?"

அப்போது எனக்கு மாரியப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. வினாத்தாளை அவர் முன்னால் வைத்து, "மேடம், கேள்வியைப் படிக்க வேண்டாம். கையை நீட்டிப் பிடிச்சு வெறுமனே பாருங்க" என்றேன்; அந்த வரியில் விரலை ஓட்டி, அச்சுக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

முதல்வர் தாளைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார். வாழ்நாளெல்லாம் பழைய ஆவணங்களைப் படித்தவர் அல்லவா? அவருக்கு அது போதும்.

"வார்த்தை விழுந்திருக்கு" என்றார். தாளை மேசைமேல் வைத்தார். "நான் போய் இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு எழுதச் சொன்னேனே" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் தனியாக ஒரு கடிதம் தன் பெயரிலேயே எழுதினார். அதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை. கமிஷனும் வரவில்லை. ஆனால் எழுதிய அன்று வராது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் எழுதினார். அதை நீங்கள் நினைத்துப்பார்க்க வேண்டும்.

இன்னும் பதினைந்து நாளில், சென்னையிலேயே நேர்முகத் தேர்வு என்று பம்பாயிலிருந்து தந்தி வந்தது. மாரியப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை; தீபாவளி சீசனுக்கு லேபிள் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "டீச்சர் கூட வந்தா அனுப்புறேன்" என்றார் அப்பா. நான் போனேன்.

அவள் உள்ளே போனபோது காலை பத்தரை. எல்லோரையும் அரை மணி நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. வெளியே வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் என்னையே திட்டிக்கொண்டேன். பேசாமல் நிற்பாள் என்று எழுதிக்கொடுத்தோமே. இப்போது உள்ளே பேசாமல் நிற்கிறாளோ என்னவோ. ஒரு பையன் தட்டில் தேநீர் கொண்டுபோனான். காலிக் கோப்பைகளோடு திரும்பி வந்தான். கதவு திறந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. முழங்கைவரை சுண்ணக்கட்டித் தூளோடு வந்தாள்.

"முதல் கேள்விக்கே தெரியாதுன்னுட்டேன் மேடம்" என்றாள்.

"அப்புறம்?"

"ஏதோ தேற்றத்தோட பேரு சொன்னாக. கேள்விப்பட்டதே இல்லன்னேன். சரின்னு அந்த அஞ்சாவது கேள்வியை எடுத்தாக. நேர் உறுப்புன்னா நிறுவுன்னாக. நிறுவினேன். அதுல ஒருத்தருக்குத் தமிழ் தெரியும். அவர் கேட்டாரு, 'கேள்வி பொய்யின்னு காட்ட வர்க்கத்துக்கு ஒரு எதிர்க்காட்டு குடுத்தேல்ல, கனத்துக்குக் குடு பாப்போம்'னு."

உங்களுக்குப் புரியும். வர்க்கமாக்கினால் கழித்தல் குறி மறைந்துவிடும். அதனால் அவளுடைய பழைய வழி வேலை செய்தது. கனமாக்கினால், அதாவது மும்மடியாக்கினால், கழித்தல் கழித்தலாகவே இருக்கும். அப்படிக் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வந்து சிறுத்துக்கொண்டே போகும் தொடர் மும்மடியிலும் ஒருங்கித்தான் தீரும். பழைய வழி அடைபட்டுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஓடல மேடம். பலகையைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒருத்தர் இங்கிலீஷ்ல ஏதோ ஒத்தாசையாச் சொல்ல வந்தாரு. அதுக்குள்ள அந்தத் தமிழ்க்காரர் அவரை நிறுத்திட்டு எங்கிட்டச் சொன்னாரு: 'உங்க டீச்சர் எழுதியிருக்காங்க, நீ மெதுவா யோசிப்பேன்னு. அவசரமில்ல, மெதுவாவே யோசி'ன்னாரு. அவங்க பாட்டுக்கு டீ குடிச்சாக. எம்புட்டு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல."

"வந்துச்சா?"

"வந்துருச்சு மேடம்! ரெண்டு ரெண்டாப் போட்டாத்தான வராது? மூணு மூணாப் போட்டேன். ஒரு எண்ணைக் கூட்டணும். அடுத்து அதுல பாதியைக் கழிக்கணும், மறுபடியும் பாதியைக் கழிக்கணும். மூணையும் கூட்டினா ஒண்ணுமில்ல. ஆனா கனமாக்கினா பாதியோட கனம் எட்டுல ஒரு பங்குதான். ரெண்டு போனாலும் முக்கால் பங்கு நின்னுரும். எண்ணை மெதுவாச் சிறுக்குற மாதிரி எடுத்துக்கிட்டா, அந்த முக்கால் சேந்துக்கிட்டே போயி வெடிச்சிரும்."

பெஞ்சில் இருந்த என் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்தக் கணக்கு அதற்கு முன் எனக்குத் தெரியாது. அன்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வராந்தாவில் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "இவ எங்க பொண்ணு" என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. கத்தவில்லை. இரண்டு பேரும் கீழே போய் இட்லி சாப்பிட்டோம்.

அந்த வருடம் அவர்கள் எடுத்த எட்டுப் பேரில் சண்முகத்தாய் ஒருத்தி. இரண்டாம் வகுப்பில் தேறியவள் அவள் மட்டும்தான். பம்பாய்க்குக் கிளம்புவதற்கு முன்னால் குடும்பத்தோடு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு எங்களைப் பார்க்க வந்தாள். தலைவர் தன் குடையை அவளிடம் கொடுத்தார். "அங்க மழை அதிகம்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார். ஆனால் அவள் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சண்முகத்தாய் முனைவர் பட்டம் வாங்கினாள். பல நாடுகளில் போய்ப் பேசினாள். இன்றும் மெதுவாகத்தான் யோசிப்பாள் என்று அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவளுக்குப் பிறகு நான் எழுதிய கடிதங்கள் நூறுக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூட ஒரு குறை எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பல பேருக்கு இடம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கடிதம் யாரைப் பற்றியது என்று கேட்டு ஒருவரும் எனக்குத் திருப்பி எழுதியதில்லை.

இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றிய நாள் எது என்று கேட்டால், நேர்முகத் தேர்வு நாளை நான் சொல்ல மாட்டேன். அது அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் மாதம். முதலாண்டுச் சேர்க்கைக்காக மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை கணிதப் பிரிவுக்கு விஸ்வநத்தத்திலிருந்து விண்ணப்பித்தவள் சண்முகத்தாய் ஒருத்திதான். அன்று காலை மட்டும் அந்த ஊரிலிருந்து நாலு பெண்கள் வந்திருந்தார்கள். முதலில் நின்ற பெண்ணைக் கூட்டிவந்தவர் அவள் அம்மா. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கையில் தூக்குச்சட்டி.

"டீச்சர், சண்முகத்தாயி படிச்ச படிப்பு எதுவோ, அதுல இவளையும் போட்டுவிடுங்க" என்றார்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "உனக்குக் கணக்குப் பிடிக்குமா?"

அம்மா விலாவில் இடித்தார். பக்கத்தில் நின்ற மூன்று பெண்களும், "பிடிக்கும்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இன்னும் தெரியல டீச்சர். படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன்.